சட்டை துவைத்தவளின் ஓட்டு

ஆம்பிளைகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்ததை நான் அதிகம் கண்டதில்லை. கன்னடச் சீமையில் சூளை என்பது எங்கள் தமிழ்ப் பேட்டை; அங்கே எங்கள் வீட்டை ஒட்டியே மதலைமுத்துவின் ரொட்டிக் கடை இருந்தது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். 1937ஆம் வருஷத்துத் தவக்காலம் நாற்பது நாளும் அந்தக் கடையில் ஒரே பேச்சுதான்: சூளை யூனியன் என்ற கால்பந்துக் கட்சிக்கு அடுத்த வாத்தியார் யார்? இப்போது கோச் என்கிறார்களே, அவரை அப்போது நாங்கள் வாத்தியார் என்போம். பதினோரு வருஷமாக அந்த வாத்தியார் என் புருஷன் ஆம்ப்ரோஸ்.

பேசினவர்கள் யாரும் அவருக்கு விரோதிகள் இல்லை. எல்லாரும் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறவர்கள்தான். ஆனால் போன பருவத்தில் சூளை யூனியன் ஆடின பத்து ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்று, சமன் ஒன்று, மீதி எட்டும் தோல்வி. பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்குத் தோற்றுப்போனால் யாரையாவது மாற்ற வேண்டும். பதினோரு பேரை மாற்றுவதைவிட ஒருவரை மாற்றுவது சுலபம்.

நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த மறுநாள் பதினோரு நீலச் சட்டையும் என் துவைக்கிற கல்லுக்கு வந்துவிடும். சட்டையைப் பார்த்தாலே எனக்குப் பாதி ஆட்டம் தெரியும். யார் முட்டி போட்டு விழுந்தான், யார் முதுகில் விழுந்தான், யார் சும்மா நின்றான், எல்லாம் மண் சொல்லிவிடும். அந்த வருஷம் முழுக்கப் பின்னால் நின்று தடுக்கிற இரண்டு பேரின் சட்டை துவைக்காமலே மடித்து வைக்கிற மாதிரி வந்தது. கோல் காக்கிற பையன் சட்டையில் மட்டும் மைதானத்து மண் பாதி இருந்தது. இதை நான் இவரிடம் சொன்னேன். சட்டையைத் துவைத்தால் போதும், ஆட்டத்தைத் துவைக்க வேண்டாம் என்றார். அவர் குணம் அப்படி. சொல்கிறவள் பெண்டாட்டியாக இருந்தால் காது அடைத்துக்கொள்ளும்.

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து வந்தவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தண்டுப் பக்கம், அதாவது கண்டோன்மென்டில், ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். இருதயம் பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டர். இவர் பிழைப்பு மேஜை நாற்காலிக்கு மெருகு போடுவது; பட்டறையில் உட்கார்ந்தபடி அதைத் தாராளமாகச் செய்யலாமாம். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, ஆத்திரப்படக்கூடாது. மீறினால் அடுத்த முறை வாசல்படிவரைகூட வந்து சேரமாட்டார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஓடுவதும் கத்துவதும் ஆத்திரப்படுவதும்தான் என் புருஷனின் வாத்தியார் உத்தியோகம். அதைத் தவிர அவருக்கு வேறு வித்தை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் கையைப் பிடித்து மாதா படத்தின்மேல் வைத்தார். யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்.

"தெரிஞ்சா பாவம் பாத்து என்னை வெச்சிக்கினு இருப்பாங்க. இல்லாட்டி பாவம் பாத்து அனுப்புவாங்க. எனக்கு ரெண்டும் வேணாம், பிரிஜெட்."

சரி, நீங்களாகவே விட்டுவிடுங்கள் என்றேன். அடுத்த வருஷம் நன்றாக ஆடுவார்கள், ஒரே ஒரு வருஷம் என்றார். குடிகாரன் ஒரே ஒரு கிளாஸ் என்பானே, அந்தக் குரல். நான் சத்தியம் செய்துவிட்டேன். ஆனால் அன்றைக்கே ஒரு தீர்மானமும் செய்தேன். ஈஸ்டருக்குள் இவரை எப்படியாவது அந்த வேலையிலிருந்து தள்ளிவிட வேண்டும். இவர் என்னைத் திட்டுவதானாலும் உயிரோடு இருந்து திட்டட்டும்.

ஈஸ்டர் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் மறுநாள்தான் சூளையில் வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பது. முன்னொரு காலத்தில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்களாம். எங்கள் ஆட்கள் உற்சாகத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட, முப்பது பேர் இருந்த கூட்டத்தில் ஐம்பத்தைந்து ஓட்டு விழுந்ததாம். அதிலிருந்து மைதானத்து நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய வாத்தியாரே போதும் என்கிறவர்கள் செங்கல் சூளை இருக்கிற பக்கமும், வேறு ஆள் வேண்டும் என்கிறவர்கள் நாவல் மரத்துப் பக்கமும் நிற்பது வழக்கமாயிற்று. மனுஷனுக்கு உடம்பு ஒன்றுதானே. பத்து வருஷமாக நாவல் மரத்துப் பக்கம் காக்கை மட்டும்தான் நின்றது.

ரொட்டிக் கடைப் பேச்சை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒன்று விடாமல் கேட்டேன். முதலில் அலெக்சாண்டர் என்ற பெயர் அடிபட்டது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆள். பையன்கள் எல்லாருக்கும் பூட்ஸ் மாட்டிவிடுவேன் என்றானாம். சந்தானம் என்ற தையல்காரர் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். வெறுங்காலில் ஆடுகிற பிள்ளைகளுக்கு பூட்ஸ் போடுவதும் மீனுக்குச் செருப்பு தைப்பதும் ஒன்று என்றார். இன்னொருத்தர் பங்குச் சாமியாரையே போடலாம் என்றார். அவர் எப்படியும் எல்லாரையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார், மைதானத்தில் திட்டினால் பிரயோஜனமாவது உண்டு என்று நியாயம் சொன்னார். மூன்றாவதாக வந்த பெயர் சேஷகிரி. ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஐயர் வீட்டுப் பிள்ளை. சூளை யூனியன் எங்கே ஆடினாலும் சைக்கிளில் வந்து, சைக்கிளில் சாய்ந்தபடியே ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டுப் போகிறவர். பையன்களை வாங்க போங்க என்று கூப்பிடுகிறவர். அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் எவன் ஓடுவான் என்று மதலைமுத்து கவலைப்பட்டான்.

இதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி. தினமும் ஏழு மணிக்கு என் புருஷனை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போனால் அதே ஆட்கள் எழுந்து நின்று, அண்ணன் இந்த வருஷம் நமக்குத்தான் கோப்பை என்பார்கள். முகத்துக்கு முன்னால் சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு வரவில்லை. இப்படியே போனால் ஈஸ்டர் மறுநாளும் எல்லாரும் செங்கல் சூளைப் பக்கம் போய் நின்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நானே இறங்கினேன். சந்தானத்திடம் ரவிக்கைத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பின்னால் ஆடுகிற இரண்டு பேரின் சட்டையில் மண்ணே படுவதில்லை, சேஷகிரி மாஸ்டர் மாதிரி ஒருத்தர் இருந்தால் அவர்களைக் கீழே விழவைப்பார் என்று பேச்சுவாக்கில் போட்டேன். அன்று சாயங்காலமே சந்தானம் அதைத் தன் சொந்த மூளையில் உதித்ததுபோலக் கடையில் எடுத்து வைத்தார். எல்லாரும் ஆகா என்றார்கள். நான் சொல்லியிருந்தால் ஆகா வந்திருக்காது. மதலைமுத்துவிடம் நேராகவே சொன்னேன், உன் மனசில் பட்டதை அண்ணன் முகம் பார்க்காமல் செய் என்று. அவன் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றுவதை நிறுத்திவிட்டான்.

"அக்கா, வீட்ல எதுனா சண்டையா?"

இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. புருஷன் காலை வாருகிற பெண்டாட்டி என்று அவன் கண்ணில் எழுதியிருந்தது. காரணத்தைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாதாவை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிவதற்குள் அலெக்சாண்டரும் சாமியாரும் பேச்சிலிருந்து விழுந்துவிட்டார்கள். ஒன்று இவர், இல்லாவிட்டால் சேஷகிரி என்று நின்றது.

ஈஸ்டர் மறுநாள் பெண்கள் மைதானத்துக்கு வேடிக்கை பார்க்க வருவதுண்டு. நானும் பக்கத்து வீட்டு டோரீனும் ஓரமாக நின்றோம். கோடு போட்டாயிற்று. கூட்டம் கொஞ்ச நேரம் கோட்டின் மேலேயே நெளிந்தது. முதலில் சந்தானம் நாவல் மரத்துப் பக்கம் போனார். தலையைத் தூக்கவில்லை. அவர் பின்னால் ஒவ்வொருத்தராகப் போனார்கள். மதலைமுத்து இரண்டு முறை கோட்டைத் தாண்டி, இரண்டு முறை திரும்பி வந்து, கடைசியில் செங்கல் சூளைப் பக்கமே நின்றுவிட்டான். எண்ணிப் பார்த்தால் நாவல் மரத்துப் பக்கம் முப்பத்தொன்று, இவர் பக்கம் முப்பது.  ஒரே ஒரு ஓட்டில் என் புருஷன் பிழைத்தார் என்று மாதாவுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது அந்த சேஷகிரி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். நானும் இந்தக் கட்சியின் ஆள்தானே, எனக்கும் ஓட்டு உண்டல்லவா என்று கேட்டார். உண்டு என்றார்கள். நேராக நடந்து என் புருஷன் பக்கத்தில் போய் நின்றார். பதினோரு வருஷம் உழைத்தவரை எதிர்த்து நிற்பது தனக்குச் சரியாகப் படவில்லை என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நிமிஷம் அவரைச் சைக்கிளோடு தூக்கிக் கிணற்றில் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

முப்பத்தொன்றும் முப்பத்தொன்றும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திருவுளச்சீட்டு போடலாம் என்றார் ஒருவர். அப்போது இவர் என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

"பிரிஜெட் இருக்கிறா இல்ல? பதினோரு வருசமா சட்டை தொவைக்கிறா. அவளுக்கு இல்லாத ஓட்டா?"

கூட்டம் கைதட்டிற்று. பெண்டாட்டி எங்கே நிற்பாள் என்று யாருக்குத்தான் சந்தேகம்? மதலைமுத்துவுக்கு மட்டும் முகம் மாறியது. இவருக்குச் சந்தேகமே இல்லை. ஊர் பார்க்க நான் அவரை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. கல்யாணத்தன்று கோவிலில் என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அதற்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நான் கோட்டுக்கு வந்தேன். சத்தியம் செய்தது நாக்கு. கால் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை. நாவல் மரத்துப் பக்கம் திரும்பி நடந்தேன்.

பத்தடி தூரம் இருக்கும்.  நான் போய் நின்ற இடத்தில் சந்தானம்கூட என்னைவிட்டு ஒரு அடி நகர்ந்து நின்றார். திரும்பிப் பார்த்தபோது இவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது. சேஷகிரி உதவிக்குக் கை நீட்டினார். வேண்டாம் என்று இவரே மெதுவாக எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு எனக்காக நிற்காமல் வீட்டுக்கு நடந்தார். ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அன்றைக்காவது கேட்டாரே என்று நான் அழுதுகொண்டே நினைத்தேன்.

அதற்கப்புறம் இவர் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைப் பார்த்து, தண்ணி வேணும் என்பார். சோறு வேண்டுமென்றால் சுவரிடம் சொல்வார். நானும் பானைக்கும் சுவருக்கும் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். வெளியே அதைவிட மோசம். கோவிலில் டோரீன் எனக்கு இடம் விடாமல் பெஞ்சில் பரவி உட்கார்ந்தாள். குடிநீர்க் குழாயில் யாரோ, வெளியில் எதிரி எதற்கு, வீட்டிலேயே வளர்க்கலாமே என்றார்கள். பயிற்சி தொடங்கியதும் சட்டை மூட்டை என்னிடம் வரவில்லை, வேறு யாரிடமோ போயிற்று. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. மன்னிப்புக் கேட்டு ராஜியாகப் போகலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. இவர் ராத்திரி தூங்கும்போது மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கும். அது போதும் என்று படுத்துக்கொள்வேன்.

ஜூன் மாசம் பருவத்தின் முதல் ஆட்டம். எங்கள் மைதானத்திலேயே, போன வருஷம் எங்களுக்கு எதிராக ஐந்து கோல் அடித்த கட்சியோடு. இவர் போகவில்லை. புழக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தையா பார்த்தார்? இரண்டு தெரு தள்ளி மைதானம். கால் நாற்காலிக்கு அடியில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகப் பந்தாட்டம் பார்க்கப் போனேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டை துவைத்தவள் பழைய கறையைத் திட்டுத்திட்டாக விட்டிருந்தாள், அது மட்டும் நன்றாகப் புரிந்தது. பக்கத்தில் வேர்க்கடலை விற்ற கிழவிதான் எது கோல், எது கோல் இல்லை என்று சொன்னாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் சேற்றில் புரண்டு எழுந்தார்கள். முடிவில் இரண்டுக்கு ஒன்று. சூளை யூனியன் ஜெயித்துவிட்டது. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் இவர் நினைவு வந்தது. இவர் அத்தனை கத்தியும் போன வருஷம் வராத ஜெயம், இவரை அனுப்பின முதல் நாளே வந்துவிட்டதே. இதை இவரிடம் எந்த வாயால் சொல்வேன்? இதைக் கேட்டே நெஞ்சு நின்றுபோனால் நான் செய்ததெல்லாம் எதற்கு?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு புழக்கடைக்குப் போனேன். பானையைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னேன்.

"தோத்துட்டாங்க. ரெண்டுக்கு ஒண்ணு."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்து வாரம் கழித்து. பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"சுள்ளு சொல்ல உனக்கு வரல, பிரிஜெட்." சுள்ளு என்றால் பொய். எங்கள் தமிழில் கன்னடம் நிறையக் கலந்திருக்கும். "நம்ம பசங்க கத்துறது எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவ கத்தினாங்க. நாம ஜெயிச்சிட்டோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் உட்காரவைத்தார். ரெண்டாவது கத்தலுக்கு உட்கார்ந்த இடத்திலேயே மாரடைத்தது என்றார். நான் பதறி அவர் நெஞ்சில் கை வைத்தேன். அந்தக் கையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். இப்போது சரியாக இருக்கிறது என்றார். எனக்கும் கைக்கு அடியில் தெரிந்தது.

"அங்க இருந்திருந்தா நானும் கத்தியிருப்பேன். ரெண்டாவது கோலுக்கு செத்திருப்பேன்."

கோபமா என்று கேட்டேன். இல்லை என்றால் அது பெரிய சுள்ளு என்றார். கோபம் நிறைய இருந்ததாம். ஆனால் ஈஸ்டர் மறுநாள் வீட்டுக்கு நடந்து வரும்போதே பாதி போய்விட்டதாம். மீதி நாளெல்லாம் வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயந்துதான் பானையோடு பேசினாராம். பானை பாவம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன். கோவில் பெஞ்சையும் குழாயடியையும் சட்டை மூட்டையையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டறைக்குப் போய் வருகிற ஆம்பிளைக்குக் குழாயடி எப்படித் தெரியும்?

 இவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, வா என்றார்.

ரொட்டிக் கடைக்கு எங்கள் வாசலிலிருந்து பத்தடிகூட இல்லை. அந்தப் பத்தடிக்கு இவர் என் தோள்மேல் கைபோட்டு நடந்தார். பகல் வெளிச்சத்தில், தெருவில். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஊர் பார்க்க இவர் என்னைத் தொட்டதில்லை. டோரீன் வாசலில் முறத்தோடு நின்று வாயைப் பிளந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தோளை மட்டும் நகர்த்தவில்லை.

கடையில் ஜெயித்த கூட்டம் முழுக்க இருந்தது. ஒரே ஆரவாரம். நடுவில் சேஷகிரி மாஸ்டர் கையில் பன்னோடு கூச்சப்பட்டு நின்றார். எங்களைக் கண்டதும் சத்தம் அடங்கிற்று. இவர் முதலில் சேஷகிரியிடம் போய், பின்னால் ஆடுகிற பையன்களைச் சேற்றில் இறக்கிவிட்டீர்களாமே, நல்ல காரியம் என்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். பதினோரு வருஷம் அந்த மைதானத்தைக் கிடுகிடுக்க வைத்த குரல். அன்றைக்கு அதைத் தணித்து, பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கு இருதயம் பழுது. ஓடக்கூடாது, கத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. யாருக்கும் சொல்லாதன்னு மாதா மேல இவகிட்ட சத்தியம் வாங்கினவன் நான். சத்தியத்தையும் காப்பாத்தினா, என்னையும் காப்பாத்தினா. அன்னிக்கு இவ மரத்துப் பக்கம் போகலன்னா, இன்னிக்கு நீங்க கையில கருப்புத் துணி கட்டிக்கினு ஆடியிருப்பீங்க."

 சந்தானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதலைமுத்து கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.  உள்ளே போய், ஆம்பிளைகள் மட்டும் உட்கார்ந்து வாத்தியாரைத் தேடின அந்த பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் போட்டான். நான் உட்கார்ந்தேன். இவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.